கேக்குக்கும் ரொட்டிக்கும் மாற்று மாவு: கடையில் தேடுவது முதல் கலவையில் சேர்ப்பது வரை

அமெரிக்காவிலோ இங்கிலாந்திலோ எழுதப்பட்ட செய்முறையை வைத்துக்கொண்டு கேக் செய்யப் புறப்படுபவருக்கு முதல் தடை கடையிலேயே வந்துவிடுகிறது. கேக் ஃப்ளோர், பிரெட் ஃப்ளோர், செல்ஃப் ரெய்சிங் ஃப்ளோர், ஆமண்ட் ஃப்ளோர், டேபியோகா ஸ்டார்ச் என்று பட்டியல் நீள்கிறது. தஞ்சாவூரிலோ திண்டுக்கல்லிலோ உள்ள மளிகைக் கடையில் இந்தப் பெயர்களைச் சொன்னால் பெரும்பாலும் பதில் கிடைக்காது. பெருநகரங்களின் பெரிய சூப்பர் மார்க்கெட்டுகளில் இறக்குமதிப் பொருள்களின் அடுக்கில் இவற்றில் சில இருக்கலாம். ஆனால் அங்கே கேட்கப்படும் விலை, அந்த மாவு செய்யும் வேலைக்குப் பெரும்பாலும் பொருந்துவதில்லை. இந்தப் பட்டியலில் உள்ளவற்றுள் ஏறத்தாழ எல்லாவற்றையும் மளிகைக் கடை, நாட்டு மருந்துக் கடை, தெருமுனை மாவு மில் ஆகிய மூன்றிலிருந்தே அமைத்துக்கொள்ள முடியும். அதற்கு, எந்த மாவு என்ன வேலையைச் செய்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும்.

படி 1: கடைக்குப் போகும் முன், செய்முறையில் மாவின் வேலையைக் கண்டறிதல்

கோதுமை மாவில் தண்ணீர் சேர்த்துப் பிசையும்போது அதிலுள்ள இரு வகைப் புரதங்கள் இணைந்து குளூட்டன் என்னும் நெகிழ்ச்சியான வலையை உண்டாக்குகின்றன. ஈஸ்ட் வெளியிடும் வாயுவைப் பிடித்து வைத்துக்கொண்டு மாவை உப்பச் செய்வது இந்த வலைதான். பன்னுக்கும் ரொட்டிக்கும் இது உயிர்நாடி. கேக்கில் ஓரளவுதான் தேவைப்படுகிறது, ஏனெனில் அங்கே முட்டையும் வெந்து இறுகும் மாச்சத்தும் அமைப்பைத் தாங்குகின்றன. பிஸ்கட்டிலோ குளூட்டன் குறையக் குறைய மொறுமொறுப்பு கூடுகிறது.

ஆகவே செய்முறையைப் படிக்கும்போதே இரண்டு கேள்விகளுக்கு விடை காண வேண்டும். இது ஈஸ்ட் சேர்த்துப் புளிக்க வைப்பதா, பேக்கிங் பவுடரால் எழும்புவதா? முட்டை எத்தனை? ஈஸ்ட் ரொட்டியாக இருந்தால் மாற்று மாவை 20 சதவீதத்துக்கு மேல் சேர்க்க நினைக்க வேண்டாம். முட்டை நிறையச் சேரும் கேக்காக இருந்தால் பாதிவரை துணிந்து மாற்றலாம். பிஸ்கட்டாகவோ மாவு குறைவாகச் சேரும் பிரவுனியாகவோ இருந்தால் முழுவதையுமே மாற்ற முடியும். இந்த ஒரு கணிப்பு சரியாக அமைந்தால் மற்றப் பிழைகள் எல்லாம் சிறியவை.

படி 2: பொட்டலத்தின் முன்பக்கத்தை விட்டுப் பின்பக்கத்தைப் படித்தல்

முன்பக்கத்தில் 'பிரீமியம்', 'சூப்பர் ஃபைன்' என்று என்ன அச்சிட்டிருந்தாலும், பின்பக்க ஊட்டச்சத்துப் பட்டியலில் 100 கிராமுக்கு எத்தனை கிராம் புரதம் என்று உள்ள எண்தான் பேக்கிங் செய்பவருக்குப் பயன்படும். கேக் ஃப்ளோர் எனப்படுவதில் 7 முதல் 9 கிராமும், அமெரிக்கச் செய்முறைகளில் வரும் ஆல் பர்ப்பஸ் மாவில் 10 முதல் 12 கிராமும், பிரெட் ஃப்ளோரில் 12 முதல் 14 கிராமும் புரதம் இருக்கும். நம் கடைகளில் கிடைக்கும் மைதா பெரும்பாலும் 9 முதல் 11 கிராமுக்குள் அடங்குகிறது. அதாவது அது கேக்குக்கும் ரொட்டிக்கும் நடுவில் நிற்கும் மாவு. கேக்கின் பக்கம் சற்றே சாய்ந்தது.

இந்த எண்ணை நம்பக் கூடாத இடம் ஒன்று உண்டு. ஆட்டா பொட்டலத்தில் 11 அல்லது 12 கிராம் புரதம் என்று போட்டிருப்பதைக் கண்டு, அது பிரெட் ஃப்ளோருக்கு ஈடாகும் என்று கருதிவிடக் கூடாது. ஆட்டாவில் தவிடும் முளைக்கருவும் சேர்ந்தே அரைபடுவதால் புரதத்தின் ஒரு பங்கு அவற்றிலிருந்து வருகிறது; அந்தப் பங்கு வலை பின்னாது. போதாக்குறைக்குத் தவிட்டின் கூரிய துணுக்குகள் உருவாகும் வலையையும் அறுக்கின்றன. இத்தாலிய பீட்சா செய்முறைகளில் வரும் '00' என்ற குறியும் மாவு எவ்வளவு நைசாக அரைக்கப்பட்டது என்பதையே சொல்கிறது. புரத அளவைச் சொல்வதில்லை.

படி 3: ஒரே பெயரில் இரு பொருள்கள் விற்கப்படுவதைக் கவனித்தல்

மாற்று மாவில் நேரும் தவறுகளில் பெரும்பகுதி அளவில் நேர்வதில்லை; வேறு பொருளை வாங்கிவந்துவிடுவதால் நேர்கிறது. 'சோள மாவு' என்று கேட்டால் ஒரு கடைக்காரர் வெள்ளைச் சோளத்தை அரைத்த மாவைத் தருவார். இன்னொருவர் கார்ன்ஃப்ளோர் என்னும் வெண்ணிற மாச்சத்தைத் தருவார். மூன்றாமவர் மஞ்சள் மக்காச்சோள மாவை எடுத்துத் தருவார். மூன்றும் மூன்று விதமாக வேலை செய்பவை. இந்தியாவிலும் இங்கிலாந்திலும் கார்ன்ஃப்ளோர் என்றால் வெறும் மாச்சத்து. அமெரிக்கச் செய்முறையில் அதே சொல் முழு மக்காச்சோளத்தை நைசாக அரைத்த மாவைக் குறிக்கும், மாச்சத்தை அங்கே கார்ன் ஸ்டார்ச் என்பார்கள். செய்முறை எந்த நாட்டிலிருந்து வந்தது என்று பாராமல் கடைக்குப் போகக் கூடாது.

இலங்கைச் செய்முறையில் 'கோதுமை மா' என்றிருந்தால் அது வெள்ளை மாவு, அதாவது தமிழ்நாட்டுக் கடைகளில் மைதா என்று கேட்டு வாங்க வேண்டியது. தவிடு சேர்ந்ததை அங்கே ஆட்டா மா என்றும், கேழ்வரகு மாவைக் குரக்கன் மா என்றும் சொல்வார்கள்.

அரிசி மாவிலும் கவனம் வேண்டும். இடியாப்ப மாவும் கொழுக்கட்டை மாவும் பெரும்பாலும் வறுத்தோ ஆவியில் வேகவைத்தோ பதப்படுத்தப்பட்டவை. அவை பச்சரிசி மாவைக் காட்டிலும் அதிகத் தண்ணீரை உறிஞ்சும். பேக்கிங்குக்குப் பதப்படுத்தாத பச்சரிசி மாவே வேண்டும். அதிரசத்துக்கு இடிக்கும் ஈர மாவையும் அப்படியே பயன்படுத்த முடியாது. 'சத்து மாவு', 'மல்ட்டிகிரெய்ன் ஆட்டா' என்பவற்றை வாங்கும்போது உட்பொருள் பட்டியலைப் பார்க்க வேண்டும்; பின்னதில் பெரும்பங்கு கோதுமைதான், சிறுதானியங்கள் பெயருக்குச் சேர்ந்திருக்கும்.

படி 4: மைதாவிலிருந்தே மூன்று மாவுகளை அமைத்தல்

கேக் ஃப்ளோருக்கு, ஒரு கப் மைதாவில் இரண்டு மேசைக்கரண்டியை எடுத்துவிட்டு அதே அளவு கார்ன்ஃப்ளோர் சேர்க்க வேண்டும். எடையில் சொன்னால் 105 கிராம் மைதாவுக்கு 15 கிராம் கார்ன்ஃப்ளோர். இரண்டும் ஒன்றாகக் கலக்கும்படி மூன்று முறை சலிப்பது நல்லது. வாங்கிய மைதாவில் புரதம் 9 கிராமுக்கு அருகில் இருந்தால் இந்தக் கலவையே தேவையில்லை என்பது என் கருத்து. அதற்கு மேல் மாச்சத்து சேர்ந்தால் கேக் உதிரத் தொடங்கும்.

செல்ஃப் ரெய்சிங் மாவுக்கு, 125 கிராம் மைதாவுடன் ஒன்றரைத் தேக்கரண்டி பேக்கிங் பவுடரும் கால் தேக்கரண்டி உப்பும் போதும். இதைத் தனியே காசு கொடுத்து வாங்குவதற்கு எந்தக் காரணமும் இல்லை.

பிரெட் ஃப்ளோர்தான் சற்றுக் கடினம், ஏனெனில் இருப்பதைக் குறைப்பது எளிது, இல்லாததைச் சேர்க்க வேண்டும். 'வைட்டல் வீட் குளூட்டன்' என்ற பெயரில் பேக்கிங் பொருள் விற்கும் கடைகளில் கிடைக்கும் தூளில் ஏறத்தாழ 75 சதவீதம் புரதம் இருக்கும். 10 சதவீதப் புரதமுள்ள மைதாவை 12 சதவீதத்துக்கு உயர்த்த, 100 கிராமுக்கு 3 கிராம் அளவில் இத்தூளைச் சேர்க்க வேண்டும். அரைக் கிலோ மாவுக்கு 15 கிராம். இத்தூள் கிடைக்காத ஊரில், மாவை நீண்ட நேரம் பிசைவதாலும், தண்ணீரைச் செய்முறை சொல்வதைவிடக் கொஞ்சம் குறைத்துச் சேர்ப்பதாலும் ஓரளவு ஈடுகட்டலாம்.

படி 5: ஆட்டாவுக்கு மாறுதல்

மைதாவுக்குப் பதில் ஆட்டா என்பதுதான் நம் வீடுகளில் அதிகம் நடக்கும் மாற்றம். சக்கி என்னும் கல் திரிகையில் அழுத்தத்தோடும் சூட்டோடும் அரைபடுவதால் ஆட்டாவின் மாச்சத்துத் துகள்கள் உடைந்திருக்கும்; உடைந்த மாச்சத்து அதிகத் தண்ணீரைக் குடிக்கும். சப்பாத்தியை மிருதுவாக்குவதும் கேக் கலவையைக் கெட்டியாக்குவதும் இந்த ஒரே குணம்தான்.

பாதி மைதா, பாதி ஆட்டா என்று எடுத்தால் பெரும்பாலான கேக்குகளில் வேறு எதையும் மாற்ற வேண்டியதில்லை. முழுவதும் ஆட்டா என்றால், ஒவ்வொரு கப்புக்கும் ஒன்று முதல் இரண்டு மேசைக்கரண்டி பால் கூடுதலாகச் சேர்த்து, கலவையைப் பதினைந்து நிமிடம் வைத்திருந்து, பிறகு ஓவனில் வைக்க வேண்டும். நைஸ் சல்லடையில் சலித்துத் தவிட்டை நீக்கினால் கேக் இலேசாகும். நாட்டுச் சர்க்கரை, வாழைப்பழம், பேரீச்சம்பழம், ஏலக்காய் ஆகியவற்றின் வாசனை ஆட்டாவோடு நன்றாக ஒத்துப்போகிறது. வெனிலா மட்டும் சேர்ந்த வெள்ளைக் கேக்குக்கு ஆட்டா பொருந்தாது, அந்த முயற்சியை விட்டுவிடலாம்.

படி 6: சிறுதானிய மாவுகளைத் தேர்ந்தெடுத்தல்

ஐக்கிய நாடுகள் அவை 2023-ஐச் சர்வதேச சிறுதானிய ஆண்டாக அறிவித்ததை ஒட்டி, கேழ்வரகு, கம்பு, சோளம், தினை, சாமை, வரகு, குதிரைவாலி, பனிவரகு ஆகியவற்றின் மாவுகள் சிறு ஊர்க் கடைகளிலும் பொட்டலங்களாக வரத் தொடங்கின. இவை எவற்றிலும் குளூட்டன் கிடையாது. ஆனால் எல்லாவற்றையும் ஒரே போலக் கருதிவிடக் கூடாது.

கேழ்வரகு இவற்றுள் பேக்கிங்குக்கு மிகவும் இணக்கமானது. அதன் மண் வாசனையும் கருஞ்சிவப்பு நிறமும் கோகோவோடு சேரும்போது குறையாகத் தெரிவதில்லை, மாறாகச் சுவைக்கு ஆழம் கூட்டுகின்றன. அதனால் சாக்லேட் கேக்கில் பாதி மாவைக் கேழ்வரகாக மாற்றலாம், மாவு குறைவாகச் சேரும் பிரவுனியில் முழுவதையும் மாற்றலாம். சாதாரணக் கேக்கில் 30 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. மாவை வெறும் வாணலியில், சிறு தீயில், நிறம் மாறாமல் வாசனை எழும்வரை வறுத்து ஆறவைத்துச் சேர்த்தால் பச்சை வாடை போகும். கலவையில் தயிர் சேர்த்து அரை மணி நேரம் ஊறவிட்டால் நாக்கில் தட்டுப்படும் நறநறப்பு குறையும். பேக்கிங் பவுடரையும் சோடாவையும் ஊறிய பிறகு, ஓவனில் வைக்கும் தருணத்தில்தான் கலக்க வேண்டும்.

குழந்தைகளுக்குக் கூழ் காய்ச்ச விற்கப்படும் முளைகட்டிய ராகி மாவைக் கேக்குக்கு வாங்கக் கூடாது. முளைக்கும்போது உருவாகும் நொதிகள் மாச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கின்றன. கூழ் நீர்த்துச் செரிமானத்துக்கு எளிதாவது இதனால்தான். அதே நொதிகள் கேக்கின் நடுப்பகுதியை எவ்வளவு நேரம் வேகவைத்தாலும் பிசுபிசுப்பாகவே விட்டுவிடும்.

கம்பு மாவில் கொழுப்பும் அதை உடைக்கும் நொதியும் சேர்ந்தே இருப்பதால் அரைத்த சில நாள்களிலேயே கசப்பு ஏறத் தொடங்குகிறது. கடையில் எப்போது அரைத்தது என்று தெரியாத கம்பு மாவை வாங்குவதைவிட, கம்பை வாங்கி வேண்டிய அளவு அரைத்துக்கொள்வதே மேல். பொட்டலமாக வாங்கினால் ஒரு சிட்டிகையை நாக்கில் வைத்துப் பார்த்த பிறகே கலவையில் சேர்க்க வேண்டும். அந்தக் கசப்பைச் சர்க்கரை மறைக்காது.

வெள்ளைச் சோள மாவின் நிறமும் சுவையும் மைதாவை அதிகம் மாற்றாதவை. நிறம் மாறக் கூடாது என்று விரும்புவோர் இதைத் தேர்ந்தெடுக்கலாம். தினை, சாமை, வரகு, குதிரைவாலி ஆகியவை பச்சரிசி மாவுபோலவே நடந்துகொள்பவை. நெய் பிஸ்கட்டிலும் நான்கட்டாயிலும் கால் பங்கு சேர்த்தால் மொறுமொறுப்பு கூடும். ஸ்காட்லாந்தின் ஷார்ட்பிரெட்டில் அரிசி மாவு சேர்ப்பதும் இதற்காகத்தான்.

படி 7: கொட்டை, தேங்காய், பருப்பு மாவுகள்

இறக்குமதி அடுக்கில் அதிக விலைக்கு விற்கப்படும் பாதாம் மாவுக்கு மிகச் சிறந்த மாற்று நம்மிடமே இருக்கிறது. ஐரோப்பாவில் பாதாமைக் கொண்டு செய்த மக்ரூன், தூத்துக்குடியில் முந்திரிப்பருப்பும் சர்க்கரையும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்ந்த இனிப்பாகிவிட்டது. பண்ருட்டி வட்டாரத்தில் தரம் பிரிக்கும்போது ஒதுங்கும் முந்திரித் துண்டும் குருணையும் முழுப்பருப்பைவிட விலை குறைந்தவை. அரைப்பதற்கு முழுப்பருப்பு எதற்கு? பாதாம் மாவுக்குப் பதிலாக அதே எடையில் முந்திரி மாவைச் சேர்க்கலாம். சுவை சற்று இனிப்பாகவும் மென்மையாகவும் இருக்கும்.

அரைப்பதில்தான் நுட்பம். செய்முறையில் உள்ள சர்க்கரையில் இரண்டு மேசைக்கரண்டியைப் பருப்போடு சேர்த்து, மிக்ஸியை இடையிடையே நிறுத்தி ஓட்ட வேண்டும். தொடர்ந்து ஓட்டினால் எண்ணெய் கசிந்து விழுதாகிவிடும். குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்த முந்திரியில் ஈரம் படியும் என்பதால் அறைவெப்பத்துக்கு வந்த பிறகே அரைக்க வேண்டும். பாதாமையே பயன்படுத்த விரும்புவோர், வெந்நீரில் போட்டுத் தோல் உரித்தபின் முழுவதும் உலர்த்திக்கொள்ள வேண்டும்.

தேங்காய் மாவு வேறு, உலர்ந்த தேங்காய்த் துருவல் வேறு. பால் பிழிந்தபின் மிஞ்சும் சக்கையை ஓவனின் மிகக் குறைந்த சூட்டில் சருகாக உலர்த்தி அரைத்தால் கிடைப்பதே தேங்காய் மாவு. அது கலவையிலுள்ள ஈரத்தையெல்லாம் உறிஞ்சிக்கொள்ளும். ஒரு கப் மைதாவுக்குக் கால் கப் தேங்காய் மாவே போதும். அந்தக் கால் கப்புக்கு ஒரு முட்டை கூடுதலாகவும், தேவைக்கேற்பப் பாலும் சேர்க்க வேண்டியிருக்கும்.

கடலை மாவு நன்றாகப் பிணைக்கும், ஆனால் வேகாத கலவையில் அதன் பச்சைச் சுவை கடுமையாக இருக்கும். 20 சதவீதத்துக்கு மேல் போகாமல், காரப் பிஸ்கட், மசாலா ரொட்டி போன்றவற்றில் பயன்படுத்துவதே பொருத்தம். வெளிநாட்டுச் செய்முறைகளில் வரும் சிக்பீ ஃப்ளோர் கொண்டைக்கடலையை அரைத்தது. அதற்குப் பதிலாகக் கடலை மாவைச் சேர்க்கும்போது தண்ணீரைச் சிறிது குறைக்க வேண்டும்.

படி 8: குளூட்டனை முற்றிலும் தவிர்க்க வேண்டியவர்களுக்கு

குளூட்டனை உடல் ஏற்காத சீலியாக் நோயாளிக்காகச் செய்பவர் மேற்சொன்ன எல்லாவற்றையும் வேறு கண்ணோடு பார்க்க வேண்டும். ரவை, சம்பா ரவை, பார்லி ஆகியவற்றில் குளூட்டன் உண்டு. பாரம்பரியமானது என்று விற்கப்படும் சம்பா கோதுமையும் கோதுமையே. பாப்பரை என்னும் பக்வீட் கோதுமை இனத்தைச் சேர்ந்ததல்ல. வட இந்தியர் விரத நாள்களில் உண்ணும் 'குட்டு ஆட்டா' இதுதான். சென்னையில் சௌகார்பேட்டைக் கடைகளில் நவராத்திரியை ஒட்டித் தேடலாம். பலர் கவனிக்காத இன்னொரு பொருள் கூட்டுப் பெருங்காயம். அதில் பெரும்பாலும் மைதா கலந்திருக்கும், எனவே காரப் பிஸ்கட்டில் சேர்க்கும் முன் உட்பொருளைப் பார்க்க வேண்டும்.

இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி 'குளூட்டன் ஃப்ரீ' என்று அச்சிடப்படும் உணவில் ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது. பொது மில்லில் கோதுமை அரைத்த இயந்திரத்தில் அடுத்து அரைக்கும் கேழ்வரகு இந்த அளவைத் தாண்டிவிடக்கூடும். ஆகவே இவர்களுக்கு மட்டும் வீட்டு மிக்ஸியோ, இச்சொற்கள் அச்சிட்ட பொட்டலமோதான் வழி.

நடைமுறைக்கேற்ற ஒரு கலவை: பச்சரிசி மாவு 150 கிராம், வெள்ளைச் சோள மாவு 150 கிராம், மாச்சத்து 100 கிராம். மாச்சத்துக்குக் கார்ன்ஃப்ளோரையோ, நாட்டு மருந்துக் கடையில் அரரூட் என்று கிடைக்கும் கூவைக்கிழங்கு மாவையோ எடுக்கலாம். டேபியோகா ஸ்டார்ச் என்பது மரவள்ளிக்கிழங்கு மாச்சத்து. சேலம் வட்டாரத்தில் ஜவ்வரிசி அதிலிருந்துதான் தயாராகிறது. மாவு ஜவ்வரிசியை மிக்ஸியில் பொடித்து அந்த 100 கிராமில் பாதிவரை சேர்க்கலாம். நைலான் ஜவ்வரிசி ஏற்கெனவே வெந்தது என்பதால் கலவையைப் பசையாக்கிவிடும்.

குளூட்டனின் பிணைப்பு வேலையைச் செய்ய இன்னொன்று வேண்டும். சாந்தன் கம் என்னும் பிசின் தூள் என்றால் 125 கிராம் கலவைக்குப் பிஸ்கட்டில் கால் தேக்கரண்டி, கேக்கில் அரைத் தேக்கரண்டி, ரொட்டியில் ஒரு தேக்கரண்டி. ரொட்டிக்கு எனக்குப் பிடித்தது மருந்துக் கடையில் எளிதாகக் கிடைக்கும் இசப்கோல் உமி: 100 கிராம் மாவுக்கு 4 முதல் 5 கிராம் எடுத்து, தண்ணீரில் ஊறவைத்துக் கூழாக்கிய பின் கலக்க வேண்டும். சுவையும் இனிப்பும் சேர்த்த இசப்கோல் பொட்டலங்களும் விற்பனையில் இருப்பதால் வெறும் உமி என்று கேட்டு வாங்க வேண்டும்.

படி 9: எடை போட்டு மாற்றுதல், அரைத்தல், சேமித்தல்

கப் அளவை நம்பி மாவை மாற்றவே கூடாது. ஒரு கப் மைதா 120 முதல் 125 கிராம். அதே கப்பில் அரிசி மாவு 150 கிராமை ஒட்டி வரும். பாதாம் மாவு 100 கிராமுக்குச் சற்றுக் குறைவு. மின்னணுத் தராசு ஒன்றை வாங்குவது, இறக்குமதி மாவு ஒரு பொட்டலம் வாங்குவதைவிட நெடுநாள் பயன் தரும். புதிய மாவைச் சேர்க்கும்போது முதல் முறை பாதி அளவில் செய்து பார்ப்பதும், சேர்த்த எடையையும் மாவின் நிறுவனப் பெயரையும் குறித்து வைப்பதும் வழக்கமாக வேண்டும்.

மில்லில் கொடுக்கும் தானியத்தைக் கழுவி நிழலில் நன்றாக உலர்த்திக்கொண்டு, நைசாக அரைக்கச் சொல்ல வேண்டும். மிளகாயோ மல்லியோ அரைத்த கையோடு நம்முடையதைப் போட விடக் கூடாது. அரைத்த மாவு சூடாக இருக்கும்போதே டப்பாவில் மூடினால் ஈரம் கோத்துக் கெட்டுவிடும் என்பதால், துணியில் பரப்பி ஆறவிட வேண்டும். மைதாவும் கார்ன்ஃப்ளோரும் காற்றுப் புகாத டப்பாவில் மாதக்கணக்கில் தாங்கும். ஆட்டா, கேழ்வரகு ஆகியவற்றை ஓரிரு மாதத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். கம்பு, முந்திரி, பாதாம், தேங்காய் மாவுகளை உறைநிலைப் பெட்டியில் வைத்து, எடுத்த பொட்டலத்தைக் குளிர் தணியும்வரை பிரிக்காமல் விட்டு, பிறகு எடை போட வேண்டும்.